பால் வார்த்த பெருந்தகை: திரிபுவன்தாஸ் படேல்

குஜராத்தில் அமுல், கருநாடகத்தில் நந்தினி, தமிழ்நாட்டில் ஆவின் என மாநிலந்தோறும் பால் உறையின் மேல் உள்ள பெயர் மாறுகிறது. ஆயினும், இப்பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் முறை ஒன்றே. சிற்றூர்களில் ஒன்றும் இரண்டுமாக மாடு வளர்ப்போர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கின்றனர். தம் பாலைத் தாமே திரட்டித் தாமே விற்கின்றனர். வரும் பொருளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். இந்தியா முழுவதும் பரவிய இம்முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் திரிபுவன்தாஸ் படேல். துயருற்ற நேரத்தில் உதவியவரை வயிற்றில் பால் வார்த்தவர் என்று போற்றுவது தமிழர் வழக்கம். அத்தொடருக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்த அப்பெருந்தகையின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் விடுதலைப் பணியும்

குஜராத்தில் உள்ள கேடா மாவட்டம் வளமான மண்ணை உடையது. ஆங்கிலேயர் அதனைக் கைரா என்று அழைத்தனர். அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆனந்த் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் திரிபுவன்தாஸ் பிறந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே கேடா மாவட்டம் நாடறிந்த போராட்டக் களமாயிற்று. 1918ஆம் ஆண்டு விளைச்சல் பொய்த்தது. வரி கட்ட இயலாத உழவர்கள் காந்தியடிகளும் வல்லபாய் படேலும் காட்டிய வழியில் அறப்போர் நடத்தினர். அடக்குமுறைக்கு அஞ்சாமல் எளிய மக்கள் ஒன்றுபட்டு நின்றால் அரசும் பணியும் என்பதை அம்மாவட்டம் அன்றே கண்டது.

திரிபுவன்தாஸ் காந்தியடிகளின் நெறியைத் தம் வாழ்க்கை நெறியாக ஏற்றார். 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் எழுந்தபோது அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் சிறைத் துன்பத்தை ஏற்றார். ஊர் ஊராக நடந்து சென்று மக்களோடு பழகிய அந்நாள்களில் உழவரின் நம்பிக்கை அவருக்குக் கிடைத்தது. அந்நம்பிக்கையே பின்னாளில் அவரது பெருஞ்செல்வமாயிற்று.

உழைப்பு ஒருவர்க்கு, ஊதியம் மற்றொருவர்க்கு

கேடா மாவட்டத்துச் சிற்றூர்களில் எருமை வளர்ப்பு மிகுதி. நிலம் உடையோர் மட்டுமல்லர், நிலமற்ற கூலியாளரும் ஓர் எருமையேனும் வைத்திருந்தனர். வயலில் விளைவது ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வீட்டுக்கு வரும். பாலோ நாள்தோறும் கிடைப்பது. ஆதலால், ஏழைக் குடும்பங்களின் அன்றாடச் செலவு அப்பாலையே நம்பி இருந்தது.

ஆனால், பால் காத்திருக்காது. கறந்த சில மணி நேரத்தில் அது கெடத் தொடங்கும். நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைத்து நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்க இயலாது. இதனை இடைத்தரகர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் வைத்ததே விலையாயிற்று. கோடையில் பால் குறையும்போதும் உழவருக்கு உரிய விலை கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் பால் பெருகும்போது விலை மேலும் வீழ்ந்தது.

1945ஆம் ஆண்டு பம்பாய் நகர மக்களுக்கு நல்ல பால் வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆனந்திலிருந்து பால் கொண்டுசெல்லும் உரிமை போல்சன் என்னும் தனியார் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. நிறுவனம் பொருள் ஈட்டியது. தரகரும் பொருள் ஈட்டினர். விடியுமுன் எழுந்து தீவனம் இட்டுச் சாணம் அள்ளிப் பால் கறந்த குடும்பங்களின் நிலை மட்டும் மாறவில்லை.

பதினைந்து நாள் உறுதி

மனம் நொந்த உழவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் முறையிட்டனர். தரகரிடம் கூடுதல் விலை கேட்பதால் மட்டும் துன்பம் தீராது என்பது அவரது கருத்து. உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் பாலைத் தாமே பதப்படுத்தி விற்க வேண்டும் என்று அவர் வழிகாட்டினார். இதற்கு உதவுமாறு மொரார்ஜி தேசாயை அனுப்பி வைத்தார். 1946ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் சமர்க்கா என்னும் சிற்றூரில் உழவர் கூட்டம் நடைபெற்றது. ஒவ்வோர் ஊரிலும் பால் சங்கம் அமைப்பது, அச்சங்கங்களை ஓர் ஒன்றியமாக இணைப்பது, அவ்வொன்றியத்திடமே அரசு பால் வாங்க வேண்டும் என்று கோருவது ஆகியவை அங்கு முடிவாயின. இப்பணியை முன்னின்று நடத்தும் பொறுப்பு திரிபுவன்தாஸிடம் வந்தது.

அரசு அக்கோரிக்கையை ஏற்கவில்லை. உழவர்கள் தரகருக்குப் பால் ஊற்ற மறுத்தனர். எருமை கறக்கப்படாமல் இருக்க முடியாது. ஆகவே, நாள்தோறும் கறந்தனர், ஆனால் விற்கவில்லை. சிலர் பாலைத் தரையில் கொட்டினர். அன்றன்று வரும் காசைக் கொண்டே அடுப்பெரித்த குடும்பங்களுக்கு அது பெருஞ்சோதனை. ஒருவர் மறைவாகப் பால் ஊற்றத் தொடங்கியிருந்தாலும் ஒற்றுமை குலைந்திருக்கும். திரிபுவன்தாஸ் ஊர் ஊராக நடந்து அவர்களது உறுதியைக் காத்தார். 15 நாள்கள் ஆனந்திலிருந்து பம்பாய்க்குப் பால் செல்லவில்லை. பம்பாய்ப் பால் திட்டம் நிலைகுலையும் நிலையை அடைந்தது. இறுதியில் அரசு இறங்கி வந்தது. உழவரின் கோரிக்கையை ஏற்றது.

1946ஆம் ஆண்டு டிசம்பரில் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார். தொடக்கத்தில் இருந்தவை இரண்டே சிற்றூர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லிட்டர்.

அறிந்தவரைத் தேடிய தலைவர்

போராட்டத்தில் வென்ற ஒன்றியத்துக்கு வேறொரு தடை காத்திருந்தது. பாலைப் பதப்படுத்தப் பயன்பட்ட பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் அன்றைய பால் முழுவதும் வீணாகும். மக்களைத் திரட்டத் தெரிந்த திரிபுவன்தாஸுக்கு இயந்திர நுட்பம் தெரியாது. அதனை மறைக்காமல் அறிந்தவரை நாடினார்.

1949ஆம் ஆண்டு மே மாதம் வர்கீஸ் குரியன் என்னும் இளம் பொறியாளர் ஆனந்திலிருந்த அரசுப் பால் நிலையத்துக்குப் பணியமர்த்தப்பட்டார். அவர் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னையில் இலயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவருக்கு ஆனந்த் ஒரு புழுதி படிந்த சிற்றூராகவே தோன்றியது. ஊரின் மொழியும் உணவும் அவருக்குப் புதியவை. வாடகைக்கு வீடு கிடைக்காமல் மகிழுந்துக் கொட்டகை ஒன்றில் தங்கினார். எப்போது பணியிலிருந்து விடுபடுவோம் என்று காத்திருந்தார்.

திரிபுவன்தாஸ் அவரிடம் உதவி கேட்டார். குரியன் இயந்திரங்களைப் பலமுறை பழுது பார்த்துக் கொடுத்தார். பின்னர், புதிய இயந்திரம் வாங்குவதே தீர்வு என்று அறிவுறுத்தினார். திரிபுவன்தாஸ் கடன் பெற்று அதனை வாங்க முன்வந்தார். அரசுப் பணியிலிருந்து விடுபட்டுப் புறப்படவிருந்த குரியனிடம், இயந்திரம் நிறுவப்படும் வரையிலாவது தங்கியிருக்குமாறு வேண்டினார். சில திங்களுக்கு என்று தங்கியவர் வாழ்நாள் முழுவதும் ஆனந்தைத் தம் ஊராகக் கொண்டார். வெளிமாநிலத்தவர், வயதில் இளையவர் என்று எண்ணாமல் நிருவாகப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார் திரிபுவன்தாஸ். உழவரின் நம்பிக்கையைக் காப்பது தலைவரின் பணி. ஆலையை நடத்துவது மேலாளரின் பணி. ஒருவர் பணியில் மற்றவர் குறுக்கிடவில்லை.

குளிர்காலத்தில் மிகும் பாலை என்ன செய்வது என்பது அடுத்த வினா. எருமைப் பாலிலிருந்து பால்பொடி செய்ய இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர் பலர் கருதினர். குரியனின் நண்பர் எச். எம். தலாயா அதனைச் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சர்தார் படேலின் பிறந்தநாளில், ஆனந்தில் புதிய பால்பொடி ஆலையைத் தலைமை அமைச்சர் நேரு திறந்து வைத்தார். மிகுந்த பால் பொடியாகவும் வெண்ணெயாகவும் மாறியது. அமுல் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது.

வரிசையில் யாவரும் சமம்

சிற்றூர்ச் சங்கத்தின் செயல்முறை எளிமையானது. காலையும் மாலையும் உறுப்பினர் தம் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவர். பால் அளக்கப்படும். அதில் உள்ள கொழுப்புச் சத்து அவர் கண்ணெதிரே ஆய்வு செய்யப்படும். அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ற விலை காலந்தாழ்த்தாமல் கைக்கு வரும். முதலில் வந்தவர் வரிசையில் முதலில் நிற்பார். அவர் எச்சாதியினர், எவ்வளவு நிலம் உடையவர் என்பது அங்குக் கணக்கில்லை. ஓர் எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் சங்கத் தேர்தலில் வாக்கு ஒன்றே. பல நூற்றாண்டுப் பிரிவினை ஒரே நாளில் மறையவில்லை. எனினும், நாள்தோறும் இருமுறை யாவரும் ஒரே வரிசையில் நிற்கும் பழக்கம் ஊர்தோறும் வேரூன்றியது.

ஈட்டிய பொருளின் ஒரு பகுதி கால்நடைகளுக்கே திரும்பிச் சென்றது. கால்நடை மருத்துவர்கள் வண்டியில் ஊர்தோறும் வந்தனர். கஞ்சரி என்னும் இடத்தில் மாட்டுத்தீவனத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு அதனைத் திறந்து வைக்க வந்த தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அருகிலிருந்த சிற்றூர் ஒன்றில் ஓர் இரவு தங்கி மக்களோடு உரையாடினார். இம்முறை நாடு முழுவதும் பரவ வேண்டும் என்று அவர் விரும்பியதன் பயனாக, 1965ஆம் ஆண்டு தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970ஆம் ஆண்டு வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது.

திரிபுவன்தாஸ், குரியன், தாரா குரோடி ஆகிய மூவருக்கும் 1963ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு திரிபுவன்தாஸ் பத்மபூஷண் விருது பெற்றார்.

ஒரு ரூபாய்க் காணிக்கை

1970களின் தொடக்கத்தில் ஒன்றியத் தலைவர் பொறுப்பிலிருந்து திரிபுவன்தாஸ் தாமே விலகினார். பதவியை விட்டுச் செல்லுமாறு அவரை எவரும் வற்புறுத்தவில்லை. நன்றி மறவாத சங்க உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் திரட்டி, 6 இலட்சம் ரூபாயை அவருக்குப் பரிசாக அளித்தனர். பாலைத் தரையில் கொட்டிப் போராடிய ஊர்களிலிருந்து வந்த காசு அது. திரிபுவன்தாஸ் அதில் ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தாய்மாரும் குழந்தைகளும் உடல்நலம் பெறும் பொருட்டு அத்தொகையைக் கொண்டு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். கால்நடைக்கு மருத்துவம் கிடைத்த சிற்றூர்களில் தாய்க்கும் சேய்க்கும் மருத்துவப் பணி இவ்வாறு வந்து சேர்ந்தது. திரிபுவன்தாஸ் அறக்கட்டளை என்னும் பெயரில் அது தொடர்ந்து பணியாற்றி வருகிறது.

1994ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் திரிபுவன்தாஸ் இயற்கை எய்தினார். கூட்டுறவுக் கல்விக்கென நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2025ஆம் ஆண்டு ஆனந்தில் உருவான பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஆலைக்கு உரிமையாளராக விரும்பவில்லை. எருமையைக் கறந்த கைகளையே ஆலைக்கு உரிமையாக்கினார்.

சொற்பொருள்

குதிர் – தானியம் சேர்த்து வைக்கும் கலம்
இடைத்தரகர் – விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் நடுவே நின்று பொருள் ஈட்டுவோர்
வித்திடுதல் – தொடங்கி வைத்தல்
குலைதல் – சிதைதல்
சேய் – குழந்தை
ஒன்றியம் – பல சங்கங்கள் இணைந்த அமைப்பு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. கூட்டுறவு 2. பெருஞ்செல்வம் 3. அறப்போர் 4. கண்ணெதிரே

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெல்லைப் போலப் பாலைச் சேமித்து வைக்க இயலாதது ஏன்?
2. சமர்க்கா கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் யாவை?
3. உறுப்பினர்கள் அளித்த தொகையைத் திரிபுவன்தாஸ் எவ்வாறு பயன்படுத்தினார்?

இ. விரிவாக விடை எழுதுக.
பதினைந்து நாள் போராட்டத்தில் ஒற்றுமை குலைந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? உம் கருத்தை எழுதுக.

ஈ. தொடரில் அமைத்து எழுதுக.
வயிற்றில் பால் வார்த்தல்

உ. செயல்பாடு
உம் சொந்த ஊரில் மாடு வளர்க்கும் உறவினரிடமோ தாத்தா, பாட்டியிடமோ தொலைபேசியில் பேசுக. அவ்வூர்ப் பால் சங்கம் எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதி வருக.