அச்சத்தின் மலையில் ஏறிய அறிஞர்

மலையைக் குறிஞ்சி எனப் பெயரிட்டு, மக்கள் கூடி வாழும் நிலமாகவும் அன்பு விளையும் களமாகவும் போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். ஐரோப்பியர் நெடுங்காலம் மலையை அவ்வாறு நோக்கினாரல்லர். ஆல்ப்ஸ் மலைத்தொடர் அவர்களுக்கு வழியை மறிக்கும் சுவர். பனிச்சரிவும் பேயும் உறையும் இடம். வணிகரும் வழிபாட்டுப் பயணிகளும் படைவீரரும் வேறு வழியின்றிக் கணவாய்களைக் கடந்தனர். ஆயர் கோடையில் மாடுகளை மேய்ச்சலுக்கு ஏற்றிச் சென்று, பனி விழுமுன் இறங்கினர். 1336ஆம் ஆண்டில் தென்பிரான்சின் வாந்தூ மலையில் ஏறிய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கைப் போன்ற மிகச் சிலரைத் தவிர, மலையை மலைக்காகவே நாடியவர் அரியர்.

அத்தகைய காலத்தில், ஆண்டுக்கு ஒரு மலையிலேனும் ஏறுவது என்று உறுதி பூண்டார் ஒருவர். அவர் வீரரல்லர், வேடரல்லர். உடல்நலம் குன்றியவர், வறுமையோடு போராடியவர், விழித்திருந்த பொழுதில் பெரும்பகுதியை ஏடுகளுக்கிடையே கழித்தவர். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரத்தவரான கான்ராட் கெஸ்னரே அவர். விலங்கியலாருக்கும் நூலகவியலாருக்கும் அவர் பெயர் நன்கு அறிமுகமானது. அவர் கால்கள் நடந்த வழியோ அத்துணை பேசப்படுவதில்லை.

இளமையும் இழப்பும்

ஆல்ப்ஸின் வடக்கு அடிவாரத்தில் ஏரிகள் நிறைந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. சூரிச், ட்சுக், லூசர்ன் ஆகிய நகரங்கள் மூன்றும் ஏரிக்கரை நகரங்களே. ஏரிநீருக்கு அப்பால் பசும்புல் சரிவுகளும் அவற்றுக்கு மேல் பாறை முகடுகளும் எழுந்து நிற்கும். இந்நிலத்தில், 1516ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தோலாடை செய்து பிழைத்த ஓர் ஏழையின் மகனாக கெஸ்னர் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த அவ்வீட்டில் உணவுக்கே இடர்ப்பாடு. ஆதலின், உறவினராகிய முதியவர் ஒருவரிடம் சிறுவன் ஒப்படைக்கப்பட்டான். அம்முதியவர் மூலிகைத் தோட்டம் வைத்திருந்தார். இலையையும் வேரையும் பிரித்தறியும் கல்வி அங்கே தொடங்கியது.

அக்காலச் சுவிட்சர்லாந்து சமயப் பூசலால் பிளவுண்டு கிடந்தது. சூரிச் நகரம் சுவிங்ளியின் தலைமையில் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவியது. லூசர்ன், ட்சுக் முதலிய ஐந்து பகுதிகள் கத்தோலிக்க நெறியிலேயே நின்றன. 1531ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், சூரிச்சுக்கும் ட்சுக்குக்கும் இடையிலுள்ள காப்பெல் என்னும் ஊரருகே இரு தரப்பும் மோதின. சூரிச் படை தோற்றது. சுவிங்ளி களத்தில் மடிந்தார். மடிந்தோருள் கெஸ்னரின் தந்தையும் ஒருவர். மகனுக்கு அப்பொழுது வயது பதினைந்து.

ஆசிரியர்களின் பரிவும் நகரத்தின் உதவித்தொகையும் அந்த இளைஞரைக் காத்தன. ஸ்ட்ராஸ்பூர்க், பூர்ஜ், பாரிஸ் ஆகிய இடங்களில் பயின்றார். பத்தொன்பதாம் வயதில், சீர்வரிசை ஏதுமில்லாத ஏழைப் பெண்ணை மணந்தார். இதனால் புரவலர்கள் சினந்தனர். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எளிய பணியே கிடைத்தது. 1537இல், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள லோசான் நகரின் புதிய கல்விக்கூடத்தில் கிரேக்கப் பேராசிரியரானார். மூன்றாண்டுகளுக்குப் பின் அப்பணியை விடுத்து, மொந்த்பெலியேயில் மருத்துவம் கற்று, 1541இல் பாசெல் நகரில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். பின் சூரிச் திரும்பி ஆசிரியராகவும் மருத்துவராகவும் வாழ்ந்தார்.

ஏடுகளின் நடுவே

கெஸ்னர் ஆற்றிய நூற்பணியின் அளவு மலைப்பூட்டுவது. 1545இல் வெளிவந்த அவருடைய உலகளாவிய நூற்றொகை, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிகளில் எழுதிய ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களையும் அவர்தம் படைப்புகளையும் நிரல்படுத்தியது. 1551 முதல் 1558 வரை நான்கு பெருந்தொகுதிகளாக விலங்குகளின் வரலாறு வெளிவந்தது. பாம்புகளைப் பற்றிய ஐந்தாம் தொகுதி அவர் மறைவுக்குப் பின் 1587இல் அச்சேறியது. மொழிகளைப் பற்றிய மித்ரிதாதேஸ் என்னும் நூல் 1555இல் தோன்றியது. ஏறத்தாழ 130 மொழிகளைக் குறிப்பிட்டு, ஒரே இறைவேண்டலை 22 மொழிகளில் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் அந்நூல் மொழி ஒப்பியலின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

விலங்கு நூலில் பிறர் சொல்லக் கேட்டவற்றையும் அவர் சேர்த்தார். துறவியின் உருவம் கொண்டதாகச் சொல்லப்பட்ட கடல்மீனின் படமும் அதில் உண்டு. இந்தியாவிலிருந்து 1515இல் லிஸ்பனுக்குக் கப்பலேற்றப்பட்ட காண்டாமிருகத்தை, நேரில் காணாமலேயே ஓவியர் டியூரர் வரைந்த படமும் அதில் உண்டு. இன்னார் கூறியது இது என்று குறித்து வைப்பதே தொகுப்பாசிரியர் கடன் என அவர் கருதினார். உலகம் சொன்ன யாவற்றையும் ஏட்டில் தொகுத்த அவருக்கு, தம் கண்ணால் காணும் வேட்கையும் இருந்தது. அவ்வேட்கைக்கு மலையே வடிகாலாயிற்று.

ஆண்டுக்கு ஒரு மலை

1541இல், பாலையும் பால் உணவுகளையும் பற்றிச் சிறு நூலொன்றை கெஸ்னர் எழுதினார். கிளாருஸ் பகுதியைச் சேர்ந்த யாக்கோப் ஃபோகல் என்னும் நண்பருக்கு எழுதிய மடல் ஒன்றை அதன் முகப்பில் வைத்தார். பாலைப் பற்றிய நூலுக்கு மலையைப் பற்றிய முகவுரையா எனில், பொருத்தமே. கறவை மாடுகளின் கோடைக்கால வீடு மலைதானே! இறைவன் தமக்கு வாழ்நாள் அளிக்கும் வரை ஆண்டுதோறும் சில மலைகளில், அன்றேல் ஒரு மலையிலேனும், செடிகள் பூத்துக் குலுங்கும் பருவத்தில் ஏறப்போவதாக அம்மடலில் அறிவித்தார். செடிகளை அறிதல் ஒன்று, உடலுக்கு நல்ல பயிற்சி ஒன்று, உள்ளத்துக்கு உவகை ஒன்று எனக் காரணங்களையும் அடுக்கினார். மலையை வியவாதவரை அவர் மதிக்கவில்லை. உலகமாகிய பெரிய காட்சிச்சாலையைக் காணாது வீட்டு மூலையில் முடங்கிக் கிடப்போரை மிகக் கடிந்துரைத்தார்.

இம்மடலை எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. மலையேற்றத்தைக் கடமையாகவும் களிப்பாகவும் ஒருங்கே கொண்ட மனப்பாங்கின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகின்றது.

பிலாத்துஸ் மலை

லூசர்ன் நகருக்குத் தெற்கே, ஏரியின் விளிம்பிலிருந்து எழுவது பிலாத்துஸ் மலை. அதன் மிக உயர்ந்த முகடு 2,128 மீட்டர். பிளவுண்ட முகடுகளால் அதனை உடைந்த மலை என்றும் பண்டு வழங்கினர். இயேசுவுக்குத் தீர்ப்பளித்த உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் உடல், அம்மலைமேலுள்ள சிறு குளத்தில் எறியப்பட்டது என்பது அவ்வூர்க் கதை. ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அவனுடைய ஆவி நீதிபதிக் கோலத்தில் எழும் என்றனர். எவரேனும் வேண்டுமென்றே குளத்தில் கல்லெறிந்தால் ஆவி சினந்து புயலை ஏவும். வெள்ளம் ஊரை அழிக்கும் என்று அஞ்சினர். ஆதலின் நகர மன்றம் அங்கே செல்வதைத் தடை செய்திருந்தது. 1387இல் இத்தடையை மீறிய சமயக் குருமார் அறுவர் சிறைப்பட்டனர். 1518இல் அறிஞர் வாடியான் தம் நண்பர்களோடு அங்கே ஏறினார். அந்நண்பர்களுள் ஒருவராகிய மைக்கோனியுஸ் பின்னாளில் கெஸ்னருக்குப் பள்ளியாசிரியரானவர்.

1555ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நகர மன்றத்தின் இசைவைப் பெற்று, நண்பர்கள் சிலருடன் கெஸ்னர் இம்மலைக்குப் புறப்பட்டார். மொழி நூலும் பறவைகளைப் பற்றிய பெருந்தொகுதியும் வெளிவந்த ஆண்டும் அதுவே. நாம் மறத்தலாகாத செய்தி மற்றொன்று உண்டு. தந்தையைக் காப்பெல் களத்தில் வீழ்த்திய படை லூசர்னும் அதன் தோழமைப் பகுதிகளும் திரட்டிய படையே. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, மாண்டவரின் மகன் அந்நகரத்தின் வாயிலில் படையோடன்று, மூலிகை தேடும் மருத்துவராக வந்து நின்றார், இசைவு கேட்டார், பெற்றார். சமயம் பிரித்து வைத்த இரு நகரத்தாரை ஒரு மலை அவ்வளவிலேனும் சேர்த்து வைத்தது.

ஐகன்டால் பள்ளத்தாக்கின் வழியே சென்ற அவர்கள், இரவில் வைக்கோற் பரணில் உறங்கினர். ஆயர் தந்த பாலை அருந்தினர். ஆயர் ஊதும் நீண்ட மரக்கொம்பை அங்கே கண்ட கெஸ்னர், அதன் நீளம் ஏறத்தாழ பதினோரடி என்றும், இரு மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது என்றும் குறித்தார். பின்னர் மேலே ஏறி, கினெப்ஃபுஸ்டைன் என்னும் முகட்டை அடைந்தனர்.

கண்டவற்றையெல்லாம் கெஸ்னர் எழுதினார். அடிவாரத்தில் நான்கு பருவங்களும் உள்ளன. ஏற ஏறக் கோடை மறைகின்றது. பின் இலையுதிர் காலமும் மறைகின்றது. உச்சியில் குளிர்காலமே நிலைத்திருக்கின்றது என மலையை நான்கு அடுக்குகளாகப் பகுத்தார். உயரத்துக்கேற்பச் செடிகொடிகள் மாறும் உண்மையைப் பிற்கால அறிவியல் விரித்துரைத்தது. அதன் வித்து இங்கே காணப்படுகின்றது. ஐம்புலன்களும் மலையில் பெறும் இன்பத்தையும் தனித்தனியே ஆராய்ந்தார். கண்ணுக்குத் தொலைக்காட்சி, செவிக்கு அமைதி, மூக்குக்குப் பூமணம், நாவுக்குச் சுனைநீர், வெம்மையுற்ற மேனிக்குக் குளிர்காற்று என அவர் வகுத்த முறை, களைப்பின் பயனை நுகர்ந்தறிந்தவர் வகுத்ததாகும்.

பிலாத்துவின் ஆவியைப் பற்றி அவர் அமைதியாகவே எழுதினார். அந்த ஆளுநர் இம்மலைப்பக்கம் வந்ததற்கு வரலாற்றில் சான்றில்லை. வந்திருப்பினும், இறந்தோர்க்கு உயிரோடிருப்போரை வருத்தும் ஆற்றல் இல்லை என்பது அவர் முடிவு. நம்பியோரை அவர் எள்ளி நகையாடவில்லை. இசைவு பெற்று ஏறினார், பார்த்தார், இறங்கினார், எழுதினார். இரவில் ஒளிர்வன எனப் பேசப்பட்ட மூலிகைகளைப் பற்றிய நூலோடு இணைத்து அவ்வாண்டே இவ்விவரத்தை வெளியிட்டார்.

அச்சம் ஒரே நாளில் அகலவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1585இல், லூசர்ன் நகரக் குருவாகிய யோகன் மியூல்லர் ஊராருடன் மலையேறி, குளத்தில் கற்களை எறிந்து காட்டினார். புயல் எழவில்லை. 1594இல் நகர மன்றமே குளத்து நீரை வடியச் செய்தது. கத்தோலிக்கக் குருவின் கை எறிந்த கல்லும், சீர்திருத்தச் சமய மருத்துவரின் எழுதுகோலும் ஒரே அச்சத்தையே எதிர்த்தன என்பது எண்ணத்தக்கது.

கொள்ளைநோயும் இறுதியும்

கெஸ்னர் பின்னரும் மலைகளை நாடினார். 1561இல் கிழக்கிலுள்ள ரேத்திய ஆல்ப்ஸ் பகுதிக்குச் சென்றார். ஆயினும் வாழ்நாள் குறுகியதாயிற்று. 1554 முதல் நகர மருத்துவராக விளங்கிய அவர், 1564இல் சூரிச்சில் கொள்ளைநோய் பரவியபோது நகரைவிட்டு நீங்கவில்லை. நோயுற்றோர்க்கு மருத்துவம் செய்தார். அடுத்த ஆண்டில் அந்நோய் அவரையே பற்றியது. முடிவு நெருங்கியதை உணர்ந்து, தம்மை நூல்களும் தொகுப்புகளும் நிறைந்த அறைக்குக் கொண்டு செல்லுமாறு வேண்டினார் என்பர். 1565ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் காலமானார். அகவை நாற்பத்தொன்பது. மக்கட்பேறு இல்லை.

எழுதி முடிக்காத நூல் ஒன்று எஞ்சியது. அது செடிகளின் வரலாறு. மலைதோறும் நடந்தும் நண்பர்களிடம் பெற்றும் அவர் தொகுத்த செடிப்படங்கள் ஏறத்தாழ 1,500. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பூவின் உறுப்பும் விதையும் தனியே வரையப்பட்டு, குறிப்புகள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவற்றுள் ஒரு பகுதி அச்சேறியது. மறைந்து கிடந்த மூல ஓவியங்கள் 1929இல் எர்லாங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. தோட்டத்துத் துலிப் மலருக்கு லின்னேயஸ் 1753இல் கெஸ்னரின் பெயரையே சூட்டினார்.

1786இல் ஆல்ப்ஸின் உயர்முடியாகிய மோன் பிளாங் மனிதக் காலடியின் கீழ் வந்தது. 1889இல் பிலாத்துஸ் மலைமேல் பற்சக்கர இரயிலே ஓடத் தொடங்கியது. இன்று குழந்தைகளும் முதியோரும் ஏரியைப் பார்த்தபடி அவ்வுச்சிக்குச் சென்று மீள்கின்றனர். அவர்களுள் எவரும் பிலாத்துவின் ஆவியை அஞ்சுவதில்லை.

நூல்களை நிரல்படுத்தியவர் நூல்களோடு நின்றுவிடவில்லை. ஏட்டில் உள்ளதைக் கண்ணால் கண்டு தெளிய நடந்தார். தம் தந்தையை இழந்த பகை நிலத்தினூடும் அவர் நடை நீண்டது. கற்பிக்கும் தொழிலில் உள்ள நாம், மாணவர்க்கு ஏட்டைத் திறந்து காட்டுவதோடு சாளரத்தையும் திறந்து காட்ட வேண்டும் என்பதை அவர் வாழ்வு நினைவூட்டுகின்றது. அகவை நாற்பத்தொன்பதுக்குள், ஏடுகளுக்கும் நோயாளிகளுக்கும் இடையே, ஆண்டுக்கு ஒரு மலைக்கு அவரால் பொழுது ஒதுக்க முடிந்தது. பொழுதில்லை என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்த நலிந்த மருத்துவரை எண்ணிக்கொள்ளலாம்.