ஏறியது சாதனை... இறங்கும்போது பறிபோன உயிர்! யார் இந்த 'டாக்டர் ஸ்டாக்'?

கடலுக்குள் ஒத்தையாக நிற்கும் பாறைத் தூணைப் பார்த்தால் பலருக்கு போட்டோ எடுக்கத்தான் தோணும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு டாக்டருக்கு அதன் உச்சியில் ஏறத் தோன்றியது. அவர்தான் டாம் பேட்டி. சக மலையேறிகள் அவருக்கு வைத்த செல்லப் பெயர், 'டாக்டர் ஸ்டாக்'.

கடல் தூண் எப்படி உருவாகிறது?

கரையோரப் பாறை முனையை அலைகள் அரித்துக்கொண்டே இருக்கும்போது முதலில் குகை, பிறகு வளைவு உருவாகும். வளைவின் மேல்பகுதி இடிந்து விழுந்ததும், மிச்சப் பகுதி தனியாக நிற்கும். அதுதான் கடல் தூண். அதையும் அலைகள் விடாமல் அரிப்பதால், கை வைக்கிற கல் கையோடு வந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

யார் இந்த டாம் பேட்டி?

1932ல் அபர்டீன்ஷயரின் எல்லன் என்ற ஊரில் பிறந்தவர். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். காரகோரம் மலைத்தொடரில் முஸ்டாக் டவர் (1956), ராக்கபோஷி (1958) சிகரங்களை முதன்முதலில் தொட்ட குழுக்களில் இவரும் இருந்தார். ராயல் மரீன்ஸ் படையில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, உல்லாபூல் என்ற கடலோரச் சிற்றூரில் பொது மருத்துவராகச் செட்டிலானார். அக்கார்டியன் வாசிப்பார், கிண்டலாகப் பாட்டும் எழுதுவார்.

நேரலையில் பார்த்த 1.5 கோடி பேர்

ஆர்க்னி தீவுகளில் உள்ள 'ஓல்டு மேன் ஆஃப் ஹாய்' சுமார் 137 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட 45 மாடிக் கட்டடம்! 1966 ஜூலையில் கிறிஸ் போனிங்டன், ரஸ்டி பெய்லி ஆகியோருடன் சேர்ந்து, 3 நாள் முயற்சியில் பேட்டி இதில் முதன்முதலாக ஏறினார். அடுத்த ஆண்டு பிபிசி இந்த ஏற்றத்தை நேரலையாகக் காட்டியது. சுமார் 1.5 கோடி பேர் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது.

கிட்ட போறதே பெரிய வேலை!

ஹாய் தூணின் அடிவாரத்துக்கு இடிபாட்டுக் கற்கள் மேல் நடந்தே போய்விடலாம். ஆனால் பேட்டி 1966ல் ஏறிய 'ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர்', 1967ல் ஏறிய 'ஆம் புவாக்கல்' இரண்டும் அப்படி இல்லை. நடுவில் கடல் நீர் ஓடும். பொதுவாக ஒருவர் நீந்திப்போய்க் கயிறு கட்டுவார். மற்றவர்கள் அதைப் பிடித்துக் கடப்பார்கள்.

இங்கே கடிகாரம்தான் எஜமான். கடல் உள்வாங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக் கிளம்பணும். அது மறுபடி ஏறுவதற்குள் கரை திரும்பணும். லேட் ஆனால், அடுத்த முறை உள்வாங்கும் வரை பல மணி நேரம் பாறையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அலை பெரிதாக இருந்தால் திரும்பிப் போவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு தொல்லை, ஃபுல்மர் பறவைகள். கூடு பக்கம் போனால் நாற்றமடிக்கும் எண்ணெயை மேலே கக்கிவிடும். கூடு கட்டும் காலத்தைத் தவிர்ப்பது மனிதர்களுக்கும் நல்லது, பறவைகளுக்கும் நல்லது.

ஏறினா போதுமா?

மலை என்றால் சுலபமான வேறு பக்கமாக நடந்து இறங்கலாம். தூணில் அந்த வசதி கிடையாது. எல்லாப் பக்கமும் செங்குத்து. கயிற்றில் தொங்கியபடிதான் இறங்க வேண்டும். ஹாய் தூணில் ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், இறங்குபவர் அந்தரத்தில் தொங்குவார், கீழே உள்ள திட்டு எட்டாது. அதனால் ஏறும்போதே அங்கே ஒரு கயிற்றைக் கட்டி விட்டுச் செல்வார்கள். இறங்கும்போது அதைப் பிடித்துத் திட்டுக்கு வந்துவிடலாம்.

கடைசி இறக்கம்

1970 மே 25. ஸ்காட்லாந்தின் வடகரையில் வைட்டன் ஹெட் அருகே 'தி மெய்டன்' என்ற தூணில் பேட்டி வெற்றிகரமாக ஏறிவிட்டார். ஆனால் கயிற்றில் இறங்கும்போது விழுந்து உயிரிழந்தார். வயது 38 மட்டுமே. அவர் எழுதியவை அடுத்த ஆண்டு 'ஒன் மேன்ஸ் மவுன்டைன்ஸ்' என்ற புத்தகமாக வெளிவந்தன.

இமயம் அளவுக்குப் பழகியவருக்கே இந்த நிலை. அதனால்தான் கடல் தூண் ஏறுபவர்கள் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முடிச்சையும், கொக்கியையும், கயிறு கட்டிய பாறையையும் மறுபடி ஒருமுறை சரிபார்க்கிறார்கள். உடன் வந்தவரிடமும் பார்க்கச் சொல்கிறார்கள். உச்சியில் நிற்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.