பாப்வாவின் மாற்றுப் பிடி

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே கோல்ஃப் ஆடிய கதை தெரியும்? 1891ல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் மன்றத்தின் முதல் திடல், ஃபேரர் பார்க்கில் இருந்த பழைய குதிரைப் பந்தயத் திடல்தான். இதைத் தேடிப் படித்தபோது, இந்திய வம்சாவளியில் கோல்ஃப் ஆடிய பழைய வீரர் யாராவது உண்டா என்றும் தேடினேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த பாப்வா செவ்கோலம் கிடைத்தார்.

டர்பன் நமக்கு அந்நிய ஊரல்ல. 1860ல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கிய ஊர் அது. பாப்வா அங்கே ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வெள்ளையர்களின் கோல்ஃப் பைகளைச் சுமக்கும் ‘கேடி’ வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது, பயிற்றுவிப்பாளரும் கிடையாது. பார்த்துப் பார்த்துத் தானாகவே ஆடப் பழகினார். அப்படிப் பழகியதில் கைகள் இடம் மாறிவிட்டன.

ஒரு நீளக் குடையை எடுத்துப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலே, வலக்கை கீழே இருக்கும். கிரிக்கெட் மட்டையையும் அப்படித்தான் பிடிக்கிறோம். பாப்வா வலக்கை ஆட்டக்காரராக நின்றும், வலக்கையை மேலே, இடக்கையைக் கீழே வைத்தார். நான் முயன்று பார்த்தேன், முழங்கைகள் சிக்கிக்கொண்டன.

பந்தைத் தொடும் கணத்தில் இடது முன்கையும் மட்டைத் தண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பது நல்லது. புதியவர்களுக்குக் கீழே உள்ள வலக்கை அவசரப்பட்டுத் தள்ளும். உடனே இடது மணிக்கட்டு பின்னோக்கி மடியும், மட்டையின் தலை கைகளை முந்தும், பந்து தாறுமாறாகப் போகும். இடக்கை கீழே இருந்தால் இந்தத் தவறு நேர்வது குறைவு. முன்கையும் தண்டும் எளிதில் நேராக நிற்கும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இயற்பியல் படிப்பவர்கள் கணக்குப் போடலாம். வீச்சின் ஆரம் இடது தோளிலிருந்து மட்டையின் தலைவரை. கை சுமார் 60 செ.மீ., நீளமான மட்டை சுமார் 110 செ.மீ. என்று வையுங்கள். இடக்கை ஓர் உள்ளங்கை அகலம், அதாவது சுமார் 9 செ.மீ., கீழே இறங்கினால் ஆரம் ஏறக்குறைய 5 விழுக்காடு சுருங்கும். சுழலும் வேகம் மாறாவிட்டால் மட்டைத் தலையின் வேகமும் அவ்வளவே குறையும். இந்தக் குறையோடுதான் பாப்வா உலகத்தரத்தில் ஆடினார். அவரது பிடியை வெறும் விநோதமாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

டர்பன் தொழிலதிபர் கிரஹாம் வுல்ஃப் உதவியால் ஐரோப்பா சென்ற அவர், 1959ல் டச்சுப் பொதுவிருதை வென்றார். 1960லும் 1964லும் அதே விருது மீண்டும் அவருக்கே.

சொந்த ஊரிலோ நிறவெறிச் சட்டங்கள். 1963ல் நேட்டால் பொதுவிருதை டர்பன் கண்ட்ரி கிளப்பில் வென்றார். வெள்ளையர் அல்லாதவர் மன்றக் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. மழை பெய்துகொண்டிருந்தது. மற்றவர்கள் உள்ளே இருக்க, வெளியே மழையில் நின்று வெற்றியாளர் கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகெங்கும் பரவி, தென்னாப்பிரிக்க விளையாட்டுக்கு எதிரான குரல்களுக்கு வலுச் சேர்த்தது.

1965ல் அதே போட்டியில் கேரி பிளேயரை முந்தினார். உலகின் நான்கு பெரும் விருதுகளையும் வென்றவர் என்ற பெயரைப் பிளேயர் பெற்றது அதே ஆண்டில்தான் என்பதை நினைத்தால், பாப்வாவின் தரம் புரியும். ஆனால் அதன்பின் உள்நாட்டுப் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை வந்தது. கடப்பிதழும் பறிக்கப்பட்டதால் வெளிநாட்டு வழியும் அடைபட்டது. ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த மனிதர் ஆட இடமின்றி நின்றார்.

1978ல், ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்பே, வறுமையில் காலமானார். டர்பனில் இன்று ஒரு நகராட்சி கோல்ஃப் திடல் அவர் பெயரைத் தாங்குகிறது. ஜோர்டன் ஸ்பீத் போன்ற முன்னணி வீரர்கள் பந்தைக் குழிக்குள் உருட்டும்போது இடக்கையைக் கீழே வைத்தே பிடிக்கிறார்கள். முழு வீச்சுக்கும் அந்தப் பிடியையே வைத்துக்கொண்டவர் பாப்வா.