தந்தையாகிய தாகூர்

புலவர்களின் பாடல்களை நாம் கற்கிறோம். அவர்கள் பெற்ற பரிசுகளையும் அறிகிறோம். அவர்களுடைய இல்லத்துக் கவலைகளை அறிந்தவர் சிலரே. வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் வாழ்விலும் பலர் அறியாத அத்தகைய பகுதி ஒன்று உண்டு. உலகம் அவரைக் கவியரசர் என்று கொண்டாடியது. அதே காலத்தில், மணமாகிச் சென்ற தம் மகளிரை நினைந்து வருந்தும் தந்தையாகவும் அவர் வாழ்ந்தார்.

தாகூர் 1861 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். 1883 இல் மிருணாளினி தேவியை மணந்தார். அவர்களுக்கு மாதுரிலதா, இரதீந்திரநாத், இரேணுகா, மீரா, சமீந்திரநாத் என ஐந்து மக்கள் பிறந்தனர். 1913 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பின்னர்ப் பல நாடுகளுக்கும் சென்றார். அரியூர், வில்லியனூர் முதலிய சிற்றூர்கள் சூழ்ந்த புதுச்சேரிக்கும் 1928 மே 29 ஆம் நாள் வந்து, அரவிந்தரைக் கண்டு மகிழ்ந்தார். இப்பெருமைகளுக்கு இடையே, அவர் தம் இல்லத்தில் அடுத்தடுத்துப் பல துயரங்களைக் கண்டார். 1902 இல் மனைவி மறைந்தார். 1903 இல் இரேணுகாவும், 1907 இல் இளைய மகன் சமீந்திரநாத்தும் இறந்தனர்.

மூத்த மகள் மாதுரிலதாவைப் பேலா என்று செல்லமாக அழைப்பர். தாகூர் 1892 இல் எழுதிய 'காபூலிவாலா' என்னும் சிறுகதையில் வரும் மினி என்னும் சிறுமிக்கு இவளே முன்மாதிரி. ஓயாது பேசும் அச்சிறுமியின் இயல்பைத் தம் மகளிடமே அவர் கண்டார். 1901 இல், பேலாவுக்கு 14 வயது நிரம்பிய நிலையில், கவிஞர் பிகாரிலாலின் மகனும் வழக்கறிஞருமாகிய சரத்குமார் சக்கரவர்த்திக்கு அவளை மணம் செய்வித்தார். மணமகன் வீட்டார் பெருந்தொகை வேண்டினர். வரதட்சிணைக் கொடுமையால் ஒரு பெண் மாண்டதை 1891 இலேயே கதையாக எழுதியவர் தாகூர். அக்கொடுமையைத் தம் வாயிலிலேயே காணும் நிலை அவருக்கு வந்தது. எழுதுகோலால் எதிர்த்த வழக்கத்தை இல்லத்தில் எதிர்ப்பது எளிதாக இருக்கவில்லை.

மகளை முசாபர்பூரிலிருந்த கணவன் வீட்டில் விட்டுத் திரும்பியபின், தாகூர் தம் மனைவிக்குக் கடிதம் எழுதினார். பேலா குழந்தையாக இருந்தபோது தாமே அவளை நீராட்டியதையும், இரவில் எழுந்து பாலைச் சுடவைத்து ஊட்டியதையும் அதில் நினைவுகூர்ந்தார். மருமகனை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் பயிலவும் உதவினார். எனினும், நாளடைவில் இரு குடும்பத்தாரிடையேயும் மனவேற்றுமை தோன்றியது. பேலாவும் அவள் கணவரும் தந்தையின் இல்லத்தை விட்டு வேறு வீடு சென்றனர். உலகமெல்லாம் வரவேற்ற கவிஞருக்குத் தம் மகள் வீட்டு வாயில் ஏறத்தாழ அடைபட்டுப் போயிற்று.

1917 இல் பேலாவைக் காசநோய் பற்றியது. அதனைத் தீர்க்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. தாகூர் மனத்தாங்கலைப் பாராட்டவில்லை. மருமகன் நீதிமன்றம் சென்றிருக்கும் நண்பகல் வேளையில் வண்டியில் ஏறி மகள் வீட்டை அடைவார். அவள் படுக்கையருகே அமர்ந்து அவள் கையைப் பற்றிக்கொள்வார். சிறுவயதிற் கேட்டது போலவே அவள் கதை கேட்பாள், அவரும் சொல்வார். மருமகன் திரும்புவதற்கு முன் வீடு திரும்புவார். நாள்தோறும் இவ்வாறே நடந்தது. 1918 மே 16 ஆம் நாளும் அவர் சென்றார். வாயிலை அடைந்தபோதே மகள் உயிர் நீத்த செய்தி கிடைத்தது. மாடிக்கு ஏறாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று மாலை தம்மைக் காண வந்தோரிடம் வழக்கம்போலவே உரையாடினார். அவர் நெஞ்சில் இருந்த துயரம் வந்தவர்க்குப் புலப்படவில்லை.

இளைய மகள் மீராவின் வாழ்வு அவருக்கு வேறொரு கவலையைத் தந்தது. 1907 இல், 13 ஆம் வயதில், நாகேந்திரநாத் கங்குலி என்பவருக்கு அவளை மணம் முடித்திருந்தார். மருமகனை அமெரிக்காவுக்கு அனுப்பி வேளாண்மை பயிலச் செய்தார். ஆயினும் கணவன் மனைவியரிடையே ஒற்றுமை நிலவவில்லை. மீரா கணவனைப் பிரிந்து வாழ விரும்பினாள். மகள் எவ்வளவு துன்புற்றாலும் கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவதுதான் முறை என்று கருதிய காலம் அது. தாகூர் அவ்வாறு செய்யவில்லை. மகளின் விருப்பத்துக்கு மாறாக அவளை வற்புறுத்த இயலாது என்பதை மருமகனுக்கு உணர்த்தினார். மீரா சாந்திநிகேதனத்தில் மாலஞ்சா என்னும் வீட்டில் குடியேறி வாழ்ந்தாள்.

மீராவின் ஒரே மகன் நிதீந்திரநாத் அச்சுத்தொழில் பயிலச் செருமனி நாட்டுக்குச் சென்றான். அவனையும் காசநோய் பற்றியது. 1932 ஆகஸ்டு 7 ஆம் நாள் அங்கேயே இறந்தான். அப்போது தாகூருக்கு 71 வயது. சாந்திநிகேதனத்தில் நடைபெறவிருந்த மழைவிழாவை நிறுத்தலாம் என்று சிலர் கருதினர். தாகூர் உடன்படவில்லை. தம் துயரைப் பிறர்மேல் சுமத்துவதை அவர் விரும்பவில்லை. மகனை இழந்த மகளுக்கு ஆறுதல் கூறி மடல் எழுதினார். பேரன் மறைந்து சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1941 இல் அதே ஆகஸ்டு 7 ஆம் நாள், அவரும் மறைந்தார்.

மக்கள் வளர்ந்து பெரியவராகி விட்டால் பெற்றோர் கவலை தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தீர்வதில்லை, கை பிடித்து நடத்த இயலாத நிலையில் மேலும் மிகுகிறது. தாகூரால் பேலாவின் நோயைத் தீர்க்க முடியவில்லை. மீராவின் மணவாழ்வைச் செம்மை செய்யவும் முடியவில்லை. மூத்தவளிடம் நாள்தோறும் சென்று அமர்ந்தார். இளையவளின் முடிவை மதித்துத் துணைநின்றார். தம்மால் இயன்ற இவ்விரண்டையும் அவர் குறைவறச் செய்தார். நம் வீட்டிலும் தந்தையோ தாயோ ஒன்றும் சொல்லாமல் அருகே வந்து அமர்வதுண்டு. அந்த அமைதிக்குள் எத்தனை கவலை அடங்கியிருக்கிறது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.