சரவெடி போல பரவும் மூளை நோய்: புரதத்துக்கு வரைபடம் போட்ட ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

சிவகாசி சரவெடியில் ஒரு வெடி பற்றினால் போதும், அடுத்தடுத்து எல்லாமே வெடிக்கும். மூளையைத் தாக்கும் ப்ரியான் நோயும் கிட்டத்தட்ட அப்படித்தான். வடிவம் கெட்டுப்போன ஒரு புரதம், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மாற்றிவிடும். நோயாளியின் தண்டுவட நீரைச் சோதித்தால் அந்தக் கெட்ட புரதத்தின் தடயம் கிடைக்கும். நோய் எதிர்ப்பு செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன்களின் அளவும் அதில் மாறியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ப்ரியானும் புரதம்தான், சைட்டோகைன்களும் புரதங்கள்தான். ஒரு புரதம் எப்படி மடிகிறதோ, அதைப் பொறுத்துதான் அதன் வேலை. எப்படியெல்லாம் மடிய முடியும் என்று எல்லைக்கோடு போட்டுக் கொடுத்தவர், சென்னையில் வேலை பார்த்த ஜி.என்.ராமச்சந்திரன்.

ராமனின் மாணவர்

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கப் போனவரை, சர் சி.வி.ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு மாதிரி அது இருக்கும் என்று, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

விமர்சனத்தில் பிறந்த வரைபடம்

சிக்கல் அங்கேதான் வந்தது. டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் வேறொரு மாதிரியை முன்வைத்தார்கள். சென்னை மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது விமர்சனம்.

ராமச்சந்திரன் அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். சரி, அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்க முடியும்? ஏற்கெனவே தெரிந்த படிக அமைப்புகளை அலசி, சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் கணக்குப் போட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதை ஒரே படத்தில் காட்டினார். 1963-ல் வெளியான அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

நல்ல ப்ரியான் புரதத்தில் சுருள் அமைப்பு அதிகம். கெட்டுப்போனதில் தட்டையான அடுக்குகள் அதிகம். இந்த இரண்டுக்கும் வரைபடத்தில் தனித்தனி இடம் உண்டு. புரதம் ஏன் தடம் மாறுகிறது என்பதை வரைபடம் மட்டுமே சொல்லிவிடாது. ஆனால், இன்றைக்கும் ஒரு புரத அமைப்பு சரியா என்று பார்க்க, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் திறப்பது இந்தப் படத்தைத்தான்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவரைப் பீடித்தது பார்கின்சன் நோய். அதிலும் மூளையில் ஒரு புரதம் தவறாக மடிந்துதான் திரள்கிறது. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.