கூடை சுமந்த அர்ச்சியசிஷ்டவள்



கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராத வீடுகள் நம் எண்ணூர்க் குப்பங்களில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான் அர்ச். ஜான் ஜுகான் அம்மாள்.

பிரான்சு தேசத்தின் பிரித்தானி சீமையில், கான்கால் என்னும் மீனவர் ஊரில், 1792-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி அவள் பிறந்தாள். நாலு வயது நிறையுமுன்னே தகப்பனார் சூசை கடலில் காணாமற் போனார். தாயார் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள். அது பிரஞ்சுப் புரட்சியின் காலம். வேத கலாபனை நடந்த காலம். சிறுமி ஜான் மாடு மேய்த்தாள். பதினாறு வயதளவில் ஒரு பிரபுவின் மாளிகையில் சமையற்கட்டு வேலைக்குப் போனாள். மாலுமி ஒருவன் பெண் கேட்டு வந்தபோது, சர்வேசுரன் தன்னை வேறொரு காரியத்துக்கு வைத்திருக்கிறார் என்று சொல்லி மறுத்துவிட்டாள். அது என்ன காரியம் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

1817-ல் செயின்ட் செர்வான் பட்டணத்துக்கு வந்து, ஆஸ்பத்திரியில் 6 வருஷம் நோயாளிகளுக்கு ஊழியம் செய்தாள். உடல் தளர்ந்தபின், பக்தியுள்ள ஒரு மாதின் வீட்டில் அவள் மரிக்குமட்டும் 12 வருஷம் வேலை பார்த்தாள். பிறகு இரண்டு தோழிகளுடன் ஒரு சிறு குடித்தனம். நூல் நூற்றும் துணி வெளுத்தும் பிழைப்பு.

1839-ம் வருஷத்துக் குளிர்காலம். கண் தெரியாமல், பக்கவாதத்தால் கிடந்த ஒரு கிழவிக்கு ஆதரவற்றுப் போயிற்று. ஜான் அவளைத் தூக்கிவந்து தன் கட்டிலில் கிடத்தினாள். தான் மேலே பரணில் படுத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது 47. பின்னும் ஒருத்தி வந்தாள், இன்னும் பலர் வந்தார்கள். இப்படித்தான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பிறந்தது.

அந்தக் கிழவிகளில் சிலர் தெருவில் பிச்சை எடுத்துவந்தவர்கள். தள்ளாத காலத்தில் அவர்கள் கை நீட்டுவதை ஜான் பொறுக்கவில்லை. அவர்களுக்கு வழக்கமாய்ப் பிச்சை போடுகிற வீடுகளைக் கேட்டறிந்து, கூடையை எடுத்துக்கொண்டு அந்த வாசல்களுக்குத் தானே போனாள். ஒருநாள் ஒரு மனிதன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அந்த அடி தனக்கு உரியது, இனி தன் ஏழைகளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று அவள் சாந்தமாய்க் கேட்டாள். 1845-ல் பிரஞ்சு அக்காதெமி 3000 பிராங்கு பரிசளித்து அவளைக் கௌரவித்தது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு சிலுவை காத்திருந்தது. 1843-ல் சகோதரிகள் அவளையே மறுபடியும் தலைவியாகத் தெரிந்துகொண்டார்கள். சபைக்கு ஆலோசகராயிருந்த குருவானவரோ அந்தத் தேர்தலைத் தள்ளி, 23 வயதுப் பெண் ஒருத்தியைத் தலைவியாக்கினார். பிற்காலத்தில் ஜான் அம்மாளை மடத்துக்குள் ஒதுக்கிவைத்தார். அவளுடைய கடைசி 27 வருஷமும் அப்படியே கழிந்தது. அவளோடு வசித்த நவகன்னியருக்கு இவள்தான் சபையை ஸ்தாபித்தவள் என்பதே தெரியாது. குருவாகிய நான் வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். அவளோ முறையிடவில்லை. 1879-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி, 86-ம் வயதில் மரித்தாள். அப்போது சபையில் சுமார் 2400 சகோதரிகள் இருந்தார்கள். 1890-ல் ரோமாபுரி அந்தக் குருவை நீக்கியது. 2009-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அவள் மரித்து மூன்றே வருஷத்தில், 1882-ல், அவள் பிள்ளைகள் கல்கத்தாவில் வீடு திறந்தார்கள். நமது சென்னையிலும் சேத்துப்பட்டில் அவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது.

இனி நம் காரியத்துக்கு வருவோம். அண்மையில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போன ஒரு வீட்டில், பாட்டியின் தலைமாட்டில் மருந்துச் சீட்டு இருந்தது, மருந்து இல்லை. வாங்கிவர ஆள் இல்லையாம்.

ஜான் அம்மாள் காலத்து ஏழைக்கு இல்லாத உதவிகள் இன்று நமக்கு உண்டு. 2012-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். பிள்ளைகள் அட்டையிலிருந்து பெயர் நீங்கிய வயோதிகரும், இல்லத்தில் விடப்பட்டவரும் இங்கேதான் இடறுகிறார்கள். மேலும் அந்தக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே. தினமும் விழுங்கும் மாத்திரைக்கு அல்ல. மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான்; ஆனால் அங்கே போய் வரிசையில் நிற்கக் கால் வேண்டுமே! அதற்காகத்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீடு தேடிக் கொண்டுவந்தார்கள். ஆலையில் 5 வருஷமாவது இ.எஸ்.ஐ. கட்டி, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் செலுத்தினால் தம்பதிகள் இருவருக்கும் வைத்தியம் உண்டு. நம் ஆலைத் தொழிலாளரில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

வாசல் உண்டு, கிழவர்களால் அதுவரை நடக்க முடியவில்லை. அவர்களுக்குப் பதிலாக நடந்ததே ஜான் அம்மாளின் அர்ச்சியசிஷ்டதனம். வாலிபர்களே, உங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒரு வயோதிகரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சீட்டை வாங்கி, அவருக்காக வரிசையில் நில்லுங்கள். அட்டை இல்லாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். யாராவது கடிந்துபேசினால் அந்த அடி உங்களுக்கு, மருந்து அவருக்கு.

அர்ச். ஜான் ஜுகான் அம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக்குரு