ஆர்னோ நதிக்கரையில் ஒரு மராட்டிய மன்னர்

இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் தொலைதூரத் துப்பாக்கிக் குறிபார்க்கும் போட்டிகள் நிகழ்கின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘கோலாப்பூர்’. கடல் கடந்து வரும் அணிகள், அணிக்கு எண்மராக, நிலத்தில் குப்புறப் படுத்து 300, 500, 600 யார் தூரத்து இலக்குகளைச் சுடும் போட்டி அது. அப்பெயரின் பின்னால் நிற்பவர் யார் என ஆராயப் புகுந்த என்னை, போட்டியைவிட ஓர் இளைஞரின் குறுகிய வாழ்வே ஆட்கொண்டது.

அவ்விளைஞர் கோலாப்பூர் மன்னர் இராஜாராம். 1850இல் பிறந்து, சுவீகாரப் பிள்ளையாக அரச குடும்பத்திற்கு வந்து, 1866இல் பதினாறு வயதிலேயே அரியணை ஏறியவர். சத்திரபதி சிவாஜி மரபின் முடி அவருக்கு வாய்த்தது. முடிக்குரிய அதிகாரமோ பெரும்பாலும் ஆங்கிலப் பிரதிநிதியின் கையில் இருந்தது. அந்நிலையில் அவர் நாடியது கல்வியை. ஆங்கிலம் கற்றார், அம்மொழியிலேயே நாட்குறிப்பும் எழுதினார். 1870இல், கடல் கடத்தல் ஆகாதென்று வைதிகர் கருதிய அக்காலத்தில், கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அங்கே விக்டோரியா மகாராணியைக் கண்டார். அவருடைய நாட்குறிப்பு 1872இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை.

அவ்வாண்டுகளில் குறிபார்க்கும் கலை இங்கிலாந்தில் பெரும் மோகமாயிருந்தது. 1860இல் விம்பிள்டன் வெளியில், தாங்கியிற் பொருத்திய விட்வர்த் துப்பாக்கியின் விசையைப் பட்டுக் கயிற்றால் இழுத்து, மகாராணியே முதற் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடக்கி வைத்தார். கோலாப்பூர் அரசரின் பெயர் தாங்கிய கிண்ணத்திற்காகத் தாய்நாடும் குடியேற்ற நாடுகளும் 1871 முதல் மோதின. 1890இல் போட்டிகள் பிஸ்லிக்கு இடம் மாறின.

600 யார் என்பது ஏறக்குறைய 550 மீற்றர். அத்துணைத் தூரத்தில் கைந்நடுக்கத்தினும் பெரிய பகை காற்றே. கொத்மலைப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இக்கரைத் தேயிலைச் செடியில் ஓரிலையும் அசையாதிருக்க, நடுப்பள்ளத்தில் லயத்துப் புகை ஒருபுறம் சாய்ந்து, அக்கரையில் மறுபுறம் திரும்புவதை நாம் காணவில்லையா? குண்டு செல்லும் வழியும் அத்தகையதே. கொடிகளின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் நோக்கி, இலக்கிற்குச் சற்று விலகியே குறிவைக்க வேண்டும்.

இக்கலை நம் மலைகளுக்கும் அயலானதன்று. 1900இல் தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, அவ்வாண்டே தென்னாபிரிக்கப் போருக்கு ஆள் அனுப்பியது. அது ஐரோப்பியரின் படை. கொழுந்து கொய்தவர்க்கு அதில் இடமில்லை. தன் மண்ணிலேயே முழு ஆட்சியற்ற மன்னர் ஒருவரின் பெயர், பேரரசின் பிள்ளைகளை ஒன்றுகூட்டும் கிண்ணத்தில் பொறிக்கப்பட்டதை எண்ணும்போது, பெருமையோடு கசப்பும் எனக்கு உண்டாகிறது. அவர் பெயரால் 1880 முதல் கோலாப்பூரில் விளங்கும் இராஜாராம் கல்லூரியை அக்கிண்ணத்தினும் மேலாக மதிக்கிறேன்.

முதற்போட்டியை மன்னர் காணவில்லை. தாயகம் திரும்பும் வழியில், அப்போது இத்தாலியின் தலைநகராயிருந்த புளோரன்ஸ் நகரில் நோயுற்று, 1870 நவம்பர் 30இல் காலமானார். வயது இருபதுதான். கிறித்தவ நகரில் பிணத்தை எரிக்கும் வழக்கம் இல்லை. எனினும் அதிகாரிகள் தனி அனுமதி வழங்கினர். ஆர்னோ நதியும் முன்யோனே ஆறும் கூடுமிடத்தில் சிதை மூட்டப்பட்டது. ஆறுகள் கூடும் துறையைப் புனிதமெனக் கருதும் நம்மவர் வழக்கிற்கு, அந்நிய மண்ணில் அதைவிடத் தகுந்த இடம் கிடைத்திருக்குமோ?

1874இல் அவ்விடத்தில் விதானத்தின் கீழ் அவரது மார்பளவுச் சிலை எழுந்தது. மன்னரின் பெயரை அந்நகரத்தார் பலரும் அறியார். அவர்களுக்கு அவர் ‘இந்தியர்’ மட்டுமே. அருகில் 1970களில் ஆர்னோவின் குறுக்கே கட்டிய பாலத்திற்கும் அப்பெயரையே சூட்டியிருக்கின்றனர்.